மடி கனத்த குதிரை

அத்தியாயம் ஏழு

குதிரை நாயைப்போலக் குந்தியிருந்தது.

முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்புறத்தை மணலில் பதித்து, யாரோ பிஸ்கட் எறியப்போகிறார்கள் என்று காத்திருப்பதைப்போல. சிலாவத்துறைக்குத் தெற்கே கடலைப் பார்த்துக் கட்டியிருந்த ‘நீலக்குதிரை’ உல்லாச விடுதியின் லாயத்தில் அது இருந்த இருப்பைக் கண்டு கிறகரிக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அதைவிடச் சிரிப்புக்குரிய சீவன் ஒன்று பக்கத்தில் நின்றதால், குதிரையைப் பார்த்துச் சிரிப்பது அநியாயம் என்று விட்டுவிட்டான்.

அந்தச் சீவனின் பெயர் யசோதரன். லண்டனில் இருபத்திரண்டு வருடம். சண்டை முடிந்த மூன்றாம் வருடம் ஊர் ஞாபகம் வந்து, கடற்கரையில் பத்து ஏக்கர் வளைத்து, வெள்ளைக்காரரைக் குதிரையில் ஏற்றிக் கடலோரம் நடத்துவதென்று தொடங்கியவர். தலையில் கௌபாய் தொப்பி. முழங்கால்வரை தோல் சப்பாத்து. மன்னார் வெயிலில் அந்தச் சப்பாத்துக்குள் கால் வெந்திருக்கும். இறக்கி உப்புப் போட்டால் சாப்பிடலாம். ஆனால் மனிதர் ஒருநாளாவது குதிரையில் ஏறியதாக யாரும் சாட்சி சொல்லத் தயாரில்லை.

“இது பொயிசன்” என்றார் யசோதரன். “ஐ நோ ஹோர்சஸ். திங்கட்கிழமை கறுப்பி செத்தது. செவ்வாய் இது விழுந்தது. ரெண்டும் அந்தக் கலந்தற்ர கிணத்தடித் தொட்டியில தண்ணி குடிச்சதுகள். இதுக்கு மேல என்ன துப்பறியக் கிடக்கு, டொக்டர்?”

டொக்டர் என்று அழைக்கப்பட்டவர் மனோன்மணி. அவர் குதிரையின் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் அரசாங்க மிருக வைத்தியராக இருந்து, ஓய்வுபெற்றபின் மனிதரின் கள்ளத்தைக் கண்டுபிடிப்பதைத் தொழிலாக எடுத்தவர். ‘மிருகத்தோட பழகிப் பழகி மனிசரில மரியாதை குறைஞ்சு போச்சு, அதுதான் இந்த வேலை சுகமாக் கிடக்கு’ என்பார். கிறகரி அவருடைய உதவியாள். முன்பு மன்னார் மீன் சந்தையில் ஏலம் கூறியவன். வாயால் கிடைத்த வேலை; வாயாலேயே போனது.

இருவரையும் இங்கே இழுத்து வந்தது பக்கத்துக் காணிக் கலந்தரின் மனைவி மைமூனா. கலந்தர் செவ்வாய் பின்னேரத்திலிருந்து பொலிசில் இருக்கிறார். குதிரைக்கு நஞ்சு வைத்தாராம். நாளை பின்னேரம்தான் நீதவான் முன்னால் கொண்டுபோவார்கள். நாளை காலை ஒன்பது மணிக்கோ பாடசாலை மண்டபத்தில் காணிக் கச்சேரி, எந்தக் காணி யாருக்கென்று அரசாங்கம் விசாரிக்கிற நாள். பெயரைக் கூப்பிடும்போது ஆள் நேரில் நின்று ‘இருக்கிறன்’ என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அதே காணியைக் கேட்டு நிற்கும் மற்ற ஆளின் பக்கம் கோப்பு சாய்ந்துவிடும். கலந்தரின் அரை ஏக்கருக்கு மற்ற ஆள் ஒருவர் இருந்தார். அவர் தொப்பியும் சப்பாத்தும் போட்டிருந்தார்.

“வால் செத்த விலாங்கு மாதிரி தொங்குது” என்றார் மனோன்மணி. “மூத்திரம் அடக்கேலாமல் சொட்டுது. கிறகரி, அந்தப் புல்லில ஒரு பிடி எடுத்து முன்னுக்குக் காட்டும்.”

கிறகரி காட்டினான். குதிரை அவனுடைய விரலையும் சேர்த்து வாங்கப் பார்த்தது.

“அம்மாடி! பசியில இருக்கு டொக்டர். என்னையும் சாப்பாட்டில சேர்த்திட்டுது.”

“அதுதான் பார்க்கவேணும். நஞ்சு குடிச்ச சீவன் சாப்பாடு கேக்காது. கண்ணைப் பாரும், எவ்வளவு தெளிவு.” மனோன்மணி நிமிர்ந்தார். “விசர்நாய்க்கடியும் இல்லை. நுளம்பு கொண்டுவாற மூளைக்காய்ச்சலாயும் தெரியேல்லை. அது வந்தால் பெரும்பாலும் உதடு துடிக்கும், சுவரில போய் முட்டும். இந்தக் குதிரைக்கு மண்டை சுத்தம். இடுப்புக்குக் கீழதான் பிழை.”

“இடுப்புக்குக் கீழ பிழையெண்டால் எங்கட பக்கத்தில பாதருக்குச் சொல்லாமல் மறைக்கிறது வழக்கம்” என்றான் கிறகரி.

“இஞ்சையும் மறைச்சுத்தான் கிடக்கு.” மனோன்மணி யசோதரன் பக்கம் திரும்பினார். “குதிரையளுக்கு இதுக்கு முதல் காய்ச்சல், இருமல், மூக்கால வடியிறது ஏதும் இருந்ததோ?”

“ஒரு தும்மலும் இல்லை. திங்கட்கிழமை வரைக்கும் நாலும் பெர்பெக்ட். சார்ஜன்டுக்கு எழுதிக் கையெழுத்தும் வைச்சுக் குடுத்திட்டன்.” யசோதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சார்ஜன்ட் உள்ள சாப்பிடுறார். நண்டு. நான் போகவேணும். நீங்கள் பாருங்கோ, பாருங்கோ. பார்க்கிறதுக்கு நான் காசு கேக்கிறதில்லை.”

தொப்பி போய் மறைந்தது. லாயத்தில் குதிரைக்காரன் மட்டும் மிஞ்சினான். பெயர் கதிர்காமு. திருக்கேதீஸ்வரப் பக்கத்து வயல்காரன். முகாமிலிருந்து விட்டபிறகு வயலுக்குப் போனால் அங்கே கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். வயல் வரும்வரை குதிரைக்குப் புல் போடுவோம் என்று வந்தவன். மனோன்மணி கேட்டதற்கெல்லாம் நிலத்தைப் பார்த்தே பதில் சொன்னான்.

“குதிரையள் வந்து எவ்வளவு காலம்?”

“அஞ்சு கிழமை அம்மா. மலைநாட்டில இருந்து லொறியில.”

“நீங்கள் ஊருக்குப் போய் வாறனீங்களோ?”

“எங்க போறது? வந்த நாள்தொட்டு கேற்றைத் தாண்டினதில்லை. ஐயாவின்ர கட்டளை.”

நின்றுகொண்டிருந்த மற்ற இரண்டு குதிரைகளில் சிவலை நிறப் பெட்டைக்குப் பக்கத்தில் மனோன்மணி குனிந்தார். குனிந்தவர் கொஞ்சநேரம் நிமிரவில்லை. பிறகு விரலை முகர்ந்து பார்த்து, லேஞ்சியில் துடைத்தார்.

“கிறகரி, இதுக்கு மடி கனத்து வத்தியிருக்கு. காம்பில காய்ஞ்ச பால். குட்டி எங்க?”

“நான் எடுக்கேல்லை டொக்டர்.”

கதிர்காமு புல்லுக்கட்டை அவிழ்ப்பதில் திடீரென்று மும்முரமானான். “குட்டி ஒண்டும் இல்லையம்மா. அது உடம்பு வாகு.”

“ஓ, வாகு” என்றார் மனோன்மணி, மிக இனிமையாக. அந்த இனிமை கிறகரிக்குத் தெரியும். ஊசி போடுவதற்கு முன் மாட்டைத் தடவுகிற கை அது. “அண்ணை, இந்தக் குந்தியிருக்கிற குதிரைக்கு இடுப்பில ஒரு பத்துப் போட்டால் நல்லது. ஆலம்பால் கொஞ்சம் வேணும். இந்தப் பக்கம் எங்கையாவது ஆலமரம் நிக்குதோ?”

“கிட்டடியில இல்லையம்மா. இஞ்ச முழுக்க உடைமரமும் விளாத்தியும்தான்.” கதிர்காமுவுக்கு உதவி செய்கிற ஆசை வந்துவிட்டது. “கொண்டச்சி ரோட்டில நாலு கட்டை போனால் பழைய குளக்கட்டில ஒண்டு நிக்குது. கிழக்குப் பக்கத்துக் கொப்பு பதிவு, தாழ நிக்குது, ஏறலாம்.”

“பெரிய உபகாரம்” என்றார் மனோன்மணி.

வெளியே மைமூனா வேலியோரம் நின்றார். அவருக்குப் பின்னால் அவர்களுடைய அரை ஏக்கர்: நாலு தகரத்தில் ஒரு கொட்டில், ஒரு கிணறு. கிணற்றைத் திருத்திக் கொடுத்த தொண்டு நிறுவனம் அதற்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை நட்டிருந்தது. பலகை கிணற்றைவிட அகலம். தொட்டியில் மூன்று கழுதைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. நாலாவது கழுதை மாகாணசபை வேட்பாளர் ஒருவரின் சுவரொட்டியை, முகத்தில் தொடங்கி, ஆறுதலாகச் சாப்பிட்டது.

“எங்கட மனிசன் ஒரு எறும்புக்கும் நஞ்சு வைக்கமாட்டார் டாக்குத்தரம்மா” என்றார் மைமூனா. “தொண்ணூறில ஊரை விட்டு விரட்டினாங்க. இருவது வருசம் புத்தளத்து முகாம்ல, ஓலைக் கொட்டில்ல கிடந்து, இந்த மண்ணுக்கு வந்து இண்டைக்குப் பன்னெண்டு நாள்தான் ஆகுது. வந்த அன்னைக்கே அந்தாளு மோட்டர் பூட்டி எங்கட கிணத்துத் தண்ணியை இறைச்சிட்டு நிக்காரு. கேட்டா, ‘ஓ, ஆக்கள் இருக்கிறியளா?’ எண்டு கேக்காரு. நாங்க என்ன பேயா?”

“அவருக்குக் கிணறு வேணும், அவ்வளவுதான்” என்றான் கிறகரி. “அவற்ற பத்து ஏக்கரிலயும் உப்புத் தண்ணி. வெள்ளைக்காரன் உப்புத் தண்ணியில குளிச்சால் காசு குடுப்பானோ?”

மனோன்மணி தொட்டியைச் சுட்டினார். “இந்தக் கழுதையள் எத்தனை நாளாக் குடிக்குதுகள்?”

“நாங்க வந்த நாள்லேர்ந்து. விரட்டினாலும் போகாது.”

“ஒண்டும் விழேல்லை?”

“எங்க விழுறது? ராவெல்லாம் கத்துதுகள்.”

மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள். அது ஒரு பழைய சி.90. செலுத்துவது எப்போதும் மனோன்மணி. பின்னால் மீன்காரரின் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிறகரி. அவனுடைய பழைய தொழிலில் மிஞ்சிய ஒரே சொத்து அந்தப் பெட்டி.

“எங்க போறம்?”

“ஆலமரத்துக்கு.”

“மெய்யாகவே பத்துப் போடப்போறியளோ?”

“உம்மட தலைக்குத்தான் போடவேணும். கேற்றைத் தாண்டாத மனிசன், திருக்கேதீஸ்வரத்து ஆள், நாலு மைலுக்கு அங்கால ஒரு மரத்தில எந்தக் கொப்பு பதிவு எண்டு சொல்லுறான். அவனுக்கு ஆர் சொன்னது? கழுதையோ?”

கிறகரி ஐஸ் பெட்டியை இறுக்கிப் பிடித்தான். “சரி, போயிருக்கிறான். மரத்தில அவனுக்கு என்ன வேலை?”

“வயல்காரர் வீட்டில மாடு கண்டுக்குட்டி போட்டால் பின்னால விழுற இளங்கொடியை என்ன செய்வினம், தெரியுமோ?”

“டொக்டர், நான் கடற்கரையில பிறந்தவன். எனக்கு மாட்டைக் கறியிலதான் பழக்கம்.”

“சாக்கில கட்டிக் கொண்டுபோய், பால் வடியிற மரத்தில தொங்கவிடுவினம். ஆல் எண்டால் திறம். மண்ணில போட்டு நாய் இழுத்தால் தாய்க்குப் பால் வத்திப்போகும் எண்டு ஒரு நம்பிக்கை. ஆயிரம் கட்டளை போட்டாலும் வயல்காரன்ர கை கொடியைக் குப்பையில எறியாது.”

“ஆனா அது குதிரையெல்லோ?”

“கதிர்காமுவுக்கு அது கொஞ்சம் உயரமான மாடு.”

ரோட்டின் இரண்டு பக்கமும் பற்றைக்காடு. காட்டுக்குள் இடைக்கிடை கூரையில்லாத சுவர்கள். ஒரு சுவரில் யன்னல் இருந்த இடத்தால் ஆடு ஒன்று எட்டிப் பார்த்தது. மனோன்மணி சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். குதிரைக்கு நரம்பில் வருத்தம் கொண்டுவருகிற வைரசுகள் பெரிய கூட்டம். விசர்நாய்க்கடி, மூளைக்காய்ச்சல் போன்ற பெயர்போனவைகளைத்தான் எல்லாரும் தேடுவார்கள். போர்ணா, கெற்றா என்று வேறு நாடுகளில் ஆட்டம் போடுகிறவையும் உண்டு.

“பேரைக் கேட்டால் கப்பல் மாதிரிக் கிடக்கு” என்றான் கிறகரி.

“நான் சந்தேகப்படுறது வேற ஆள். குதிரை ஹெர்பீஸ். சும்மா தடிமன் மாதிரி வரும். மாறிட்டுது எண்டு நினைப்பினம். ஆனா உடம்புக்குள்ள படுத்துக் கிடக்கும். லொறியில ஏத்தி மலையில இருந்து மன்னார் வரைக்கும் வெயிலில குலுக்கினால் எழும்பும். சினையாயிருக்கிற பெட்டைக்குக் குட்டி விழும். சிலதுக்கு முள்ளந்தண்டில ஏறும். ஏறினால், இடுப்புக்குக் கீழ பிடி இல்லை, வால் தொங்கும், மூத்திரம் சொட்டும். வாய் மட்டும் புல்லுக் கேக்கும்.”

“அப்ப நஞ்சு இல்லை எண்டு இப்பவே சொல்லிப்போடலாமே?”

“ஆய்வுகூடம் சொல்லும், பத்து நாள் கழிச்சு. கலந்தருக்கு இருக்கிறது இருபது மணித்தியாலம்.”

குளக்கட்டில் ஆல் நின்றது. கிழக்குப் பக்கத்துக் கொப்பு மெய்யாகவே பதிவுதான். அதில், ஓலை சுற்றி, முள்ளு வைத்து, காகம் கொத்தாதபடி கட்டிய ஒரு சாக்குப் பை தொங்கியது.

அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொன்றும் தொங்கியது.

மனோன்மணி மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே சிரித்தார். கிறகரி அவரோடு வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பை மூன்று தடவைதான் கேட்டிருந்தான்.

“ஒண்டு எண்டால் விபத்து, கிறகரி. சினைக்குதிரை சறுக்கி விழுந்தது எண்டு கதை விடலாம். ரெண்டு எண்டால் வியாதி. மரத்தில ஏறும்.”

“எனக்கு ஒட்டாதோ?”

“நாலு காலில நடக்கிற சீவனுக்குத்தான் ஒட்டும். நீர் தப்பிறதுக்கும் சந்தர்ப்பம் இருக்கு.”

கிறகரி கையுறையோடு ஏறினான். இறங்கும்போது களிசான் கிழிந்தது. அதைப்பற்றி அவன் சொன்னவற்றை அச்சில் போட முடியாது. பைகளை நிலத்தில் வைத்து, ஓலையை விலக்கி, ஒன்றை முகர்ந்தான், மற்றதை முகர்ந்தான். முகத்தில் பழைய சந்தைக்களை வந்தது.

“டொக்டர், இதில நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. இது என்ர படிப்பு. இந்தப் பை நல்லாக் காய்ஞ்ச கருவாடு. மூண்டு கிழமைக்குக் குறையாது. இந்தப் பை அரைக் கருவாடு. ஒம்பது நாள், பத்து நாள். இருபது வருசம் பேசாலையில இருந்து வந்த கருவாட்டுக்கு வயசு சொன்னனான். ஒருத்தனும் என்னட்டைப் பொய்ச் சரக்கை விக்கேல்லை.”

“மூண்டு கிழமை. நிச்சயமோ?”

“என்ர மூக்கை அடகு வைக்கிறன்.”

“மூண்டு கிழமைக்கு முந்திக் கலந்தர் புத்தளத்தில” என்றார் மனோன்மணி. “பெட்டியில வையும்.”

விடுதியின் சாப்பாட்டு மண்டபத்தில் சார்ஜன்ட் மூன்றாவது நண்டோடு போராடிக்கொண்டிருந்தார். யசோதரன் எதிரே இருந்து கடலைப் பார்த்தார், கடலையும் தானே வாங்கிப்போட்டதைப்போல. மனோன்மணி கதிரை இழுத்து உட்கார்ந்தார். கிறகரி நிலத்தில் ஐஸ் பெட்டியை வைத்து, பைகள் இரண்டையும் எடுத்து வெளியே கிடத்தினான். மணம் மெல்லமெல்ல நண்டை வென்றது.

“ச்சீ! என்ன இது?” சார்ஜன்ட் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“சாட்சி” என்றார் மனோன்மணி. “சார்ஜன்ட், இவர் உங்களுக்கு எழுதித் தந்ததில குதிரையளுக்குத் திங்கட்கிழமை வரைக்கும் ஒரு வருத்தமும் இல்லை எண்டு இருக்கோ?”

சார்ஜன்ட் விரலை நக்கிவிட்டுக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். “ஓம், இருக்கு. எல்லாம் நல்ல சுகம். சைன் பண்ணினது.”

“இது குதிரையின்ர இளங்கொடி. ரெண்டு பெட்டைக் குதிரைக்குக் குட்டி விழுந்திருக்கு. ஒண்டு மூண்டு கிழமைக்கு முந்தி. மற்றது பத்து நாளைக்கு முந்தி. ஒண்டின்ர தாய் வெளியில நிக்குது. மற்றதின்ர தாய், நான் நினைக்கிறன், திங்கட்கிழமை செத்த கறுப்பி.”

யசோதரன் சிரித்தார். நல்ல சிரிப்பு, லண்டனில் பழகியது. “டொக்டர், எங்கயோ ஒரு ஊர் மாட்டின்ர குடலைத் தூக்கிக்கொண்டு வந்து என்ர மேசைக்குப் பக்கத்தில வைக்கிறியள்.”

“சாக்கில என்ன படம் எண்டு பாருங்கோ.”

சாக்கில் ஒரு குதிரைத் தலை அச்சடித்திருந்தது.

“இந்த மாவட்டத்தில குதிரைத் தீவனம் வாங்குறது நீங்கள் ஒராள்தான்” என்றான் கிறகரி. “கழுதைக்குத் தீவனம் வாங்குறதில்லை. அதுக்குச் சுவரொட்டி காணும்.”

“வெறுஞ்சாக்கு. ஆரும் களவெடுக்கலாம். அந்தக் கலந்தரே எடுத்துக் கட்டியிருக்கலாம்.” யசோதரன் சார்ஜன்டின் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். “பார்த்தீங்களோ? கேஸ் இன்னும் பலமாகுது.”

சார்ஜன்ட் தலையை ஆட்டினார். நண்டு யார் வாங்கிக் கொடுத்தாரோ அவர் பக்கமாக ஆட்டினார். கிறகரி மனதுக்குள் அந்தத் தலையை ஏலத்தில் வைத்துப் பார்த்தான், விலை கேட்க ஒருவரும் இல்லை.

அந்த நேரம் பின்வாசலால் கதிர்காமு வந்தான். குந்தியிருந்த குதிரை பக்கவாட்டில் சரிந்துவிட்டது, தூக்க ஆள் வேண்டும் என்று சொல்ல வந்தவன். நிலத்தில் கிடந்த இரண்டு பைகளையும் கண்டான். வந்த விசயம் வாயிலேயே நின்றுவிட்டது.

“ஐயோ!” என்று தலையில் கைவைத்தான். “அதை ஏன் இறக்கினனீங்கள்? தொங்கவிட்ட கொடியை இறக்கினால் பால் வத்திப்போகுமெல்லோ! ரெண்டையும் எவ்வளவு கவனமாக் கட்டினனான்!”



“குட்டியே இல்லை” என்றார் மனோன்மணி மெதுவாக. “ஆருக்கு அண்ணை பால்?”

கதிர்காமு யசோதரனைப் பார்த்தான், சார்ஜன்டைப் பார்த்தான், திரும்பவும் பைகளைப் பார்த்தான். தான் என்ன சொல்லிவிட்டான் என்பது அவனுடைய முகத்தில் படிப்படியாக ஏறியது. பிறகு, இனி மூடிப் பிரயோசனமில்லை என்று கண்டவனைப்போல, நிலத்தில் குந்திவிட்டான்.

“ஐயா எல்லாத்தையும் புதைக்கச் சொன்னவர். குட்டி ரெண்டையும் புதைச்சனான். கொடியைப் புதைக்க மனம் வரேல்லை. சைக்கிளில கொண்டுபோனனான். கறுப்பிக்கும் இப்ப விழுந்து கிடக்கிற குதிரைக்கும் போன கிழமையே கால் பின்னத் தொடங்கிட்டுது. ஐயாட்டைச் சொன்னனான். அதுக்குப் பிறகுதான், ‘ரெண்டையும் அந்தக் கிணத்தடிக்குக் கொண்டுபோய், ஆக்கள் பார்க்கத் தண்ணி காட்டு’ எண்டு சொன்னவர். ஏன் எண்டு எனக்குச் சொல்லேல்லை. சிவனாணை, அந்த மனிசனைப் பிடிச்சுப்போட்ட பிறகுதான் எனக்கு விளங்கினது.”

“விளங்கின பிறகு ஏன் வாய் திறக்கேல்லை?” என்றான் கிறகரி.

“எனக்கும் வயல் இன்னும் வரேல்லை, தம்பி. இந்த வேலையும் போனால்?”

கிறகரி நக்கலை விட்டுவிட்டு, பைகளைத் திரும்பப் பெட்டிக்குள் எடுத்துவைத்தான். அவனுக்கே அது புதினமாக இருந்தது.

சார்ஜன்ட் கையைக் கழுவிவிட்டு வந்து, பேனையை எடுத்தார். நண்டு முடிந்துவிட்டது; சட்டத்துக்கு இப்போது அவரிடம் நேரம் இருந்தது. “சார், நீங்க எனக்குப் பொய் எழுதித் தந்தது” என்றார். அவருடைய குரலில் கோபத்தைவிட, தன்னையும் கோமாளியாக்கிய மனவருத்தம்தான் கூட இருந்தது.

யசோதரன் தொப்பியைக் கழற்றினார். விசிறினார். திரும்பப் போட்டார். நஷ்டம் என்று தெரிந்ததும் சரக்கை மாற்றுகிற யாவாரிகளைக் கிறகரி நிறையக் கண்டிருக்கிறான். இவ்வளவு கெதியாக மாற்றியவனைக் கண்டதில்லை.

“ஓகே. வியாதி. நான் வெட்டினரி படிச்சவனில்லை, பிழை விட்டிட்டன். முறைப்பாட்டை வாபஸ் வாங்குறன். கலந்தரை விடுங்கோ.” அவர் சாய்ந்து உட்கார்ந்து காலுக்கு மேல் கால் போட்டார். “நாளைக்குக் காணிக் கச்சேரியில சந்திப்பம். எனக்குக் கொழும்பில இருந்து லோயர் வாறார். அந்தாளிட்டை ஒரு காணி உறுதிப் பத்திரமும் இல்லை, எல்லாம் தொண்ணூறில போட்டுட்டு ஓடினது. குதிரையில தோத்தால் என்ன, கிணத்தில வெல்லுவன்.”

இத்தனை உழைப்புக்கும் பிறகு மனிதர் சொன்னது மெய்தான். கலந்தர் வெளியே வருவார், மண்டபத்துக்குப் போவார், அங்கே சட்டத்தரணி ஒருவர் அவரை நிற்கவைத்துத் தோலுரிப்பார். கிறகரி மனோன்மணியைப் பார்த்தான்.

மனோன்மணி தொலைபேசியை எடுத்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். “ஓம் தம்பி... ரெண்டு குட்டி விழுந்திருக்கு, ஒண்டு செத்தது, ஒண்டு இப்ப சாயுது... ஓம், தொற்றுதான் எண்டு சந்தேகம்... நாளைக்கு மத்தியானத்துக்குப் பிறகோ? பறவாயில்லை, கோழிக்கு ஊசி போட்டு முடிச்சிட்டு ஆறுதலா வாரும். அதுவரைக்கும் இஞ்ச ஒருத்தரையும் அசைய விடாமல் பார்க்கிறன்.”

வைத்துவிட்டு யசோதரனைப் பார்த்துச் சிரித்தார்.

“அரசாங்க மிருக வைத்தியர். என்ர பழைய மாணவன். இது தொற்று எண்டு நீங்கள்தான் இப்ப சார்ஜன்டுக்கு முன்னால ஒத்துக்கொண்டியள். அவர் வந்து பார்த்து மருந்தடிக்கும் வரைக்கும் இந்த வளவில இருந்து குதிரையோ, குதிரையோட நிண்ட ஆளோ, சப்பாத்தோ, வாகனமோ வெளியில போகக்கூடாது. மன்னாரில இருக்கிற கழுதை முழுக்க இந்த வருத்தம் பிடிச்சால் ஆர் பொறுப்பு?”

“நாளைக்கு மத்தியானமோ?” யசோதரன் எழுந்தார். “எனக்குக் காலமை ஒன்பது மணிக்கு…”

“நீங்கள் குதிரையைத் தொடவே இல்லை எண்டால் போகலாம்” என்றார் மனோன்மணி. “தொடாத ஆளுக்கு அது குடிச்ச தண்ணி எப்பிடித் தெரிஞ்சது, நஞ்சு எப்பிடித் தெரிஞ்சது எண்டு சார்ஜன்ட் திரும்பவும் முதலில இருந்து எழுதவேணும்.”

சார்ஜன்டுக்கு இன்னொரு தடவை எழுதுவதில் விருப்பமில்லை. வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தி, கேற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டச் சொன்னார். கயிறு போதாமல் வந்தபோது யசோதரனின் குதிரைக் கடிவாளம் ஒன்றைச் சேர்த்து முடிந்தார்கள்.

வெளியே வந்ததும் கிறகரி கேட்டான்: “மெய்யாச் சட்டத்தில அப்பிடி இருக்கோ டொக்டர்?”

“தொற்றுப் பரவாமல் செய்யவேண்டியதைச் செய் எண்டு இருக்கு. மிச்சத்தைச் சார்ஜன்ட் வாசிச்சுப் பார்க்கட்டும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவார்.” அவர் அவனுடைய கையிலிருந்து பெட்டியை வாங்கினார். “வாரும். முதலில அந்தக் குதிரையைத் தூக்குவம். அது ஒருத்தருக்கும் பொய் எழுதிக் குடுக்கேல்லை.”

அடுத்தநாள் காலை ஒன்பதே காலுக்குப் பாடசாலை மண்டபம் நிறைந்து வாசலால் வழிந்தது. சின்னப் பிள்ளைகளின் வாங்குகளில் பெரிய மனிதர்கள் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பொலித்தீன் பைகள்; பைக்குள் பங்கீட்டு அட்டை, பழைய வரிச் சிட்டை, ஒருவரிடம் கலியாணப் படம், பின்னால் வீடு தெரிகிறதாம். கலந்தர் மூன்றாம் வரிசையில் இருந்தார். முதல்நாள் பின்னேரம் விட்டிருந்தார்கள். பொலிசில் கசங்கிய சாரத்தை மைமூனா தோய்த்துக் காயவைத்து, இன்னும் ஈரம் போகாமல் கட்டிவிட்டிருந்தார். சுவரோரம், விடியமுன் மருந்துத் தண்ணீரில் கழுவி உடுப்பு மாற்றி வந்த மனோன்மணியும் கிறகரியும்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கோப்பைத் திறந்தார்.

“கந்தையா யசோதரன்.”

கொழும்புச் சட்டத்தரணி எழுந்தார். கட்சிக்காரர் தவிர்க்கமுடியாத காரணத்தால் என்று தொடங்கினார்.

“ஆள் வேணும்” என்றார் அதிகாரி, தலையைத் தூக்காமல். “கந்தையா யசோதரன். கந்தையா யசோதரன்.” மூன்று தடவை. பிறகு ஒரு கோடு கீறுகிற சத்தம் மண்டபத்தின் கடைசிவரை கேட்டது.

“சேகு அப்துல் காதர் கலந்தர்.”

யாரும் எழவில்லை.

கிறகரி கழுத்தை நீட்டிப் பார்த்தான். கலந்தர் அங்கேதான் இருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, அதிகாரியையே பார்த்துக்கொண்டு, தன்னுடைய முறைக்காக மிகவும் பொறுமையாகக் காத்திருந்தார்.

“சேகு அப்துல் காதர் கலந்தர்” என்றார் அதிகாரி இரண்டாவது தடவை.

மைமூனா முழங்கையால் இடித்தார். “எழும்புங்க! உங்கட பேருதான்.”

“நம்பர் சொல்லலியே” என்றார் கலந்தர்.

இருபது வருடம் முகாமில் நிவாரண அரிசிக்கும், மருந்துக்கும், கூப்பனுக்கும் அவரை எழுநூற்றுப் பதின்மூன்று என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அந்த நம்பருக்காகத்தான் காத்திருந்தார்.

“இஞ்ச நம்பர் இல்லை. எழும்புங்க எண்டுறன்!”

கலந்தர் எழுந்தார். வாங்கு சின்னது, எழும்போது அதுவும் கூடவே எழும்பிச் சரிந்தது. யாரோ சிரித்தார்கள். அவர் சாரத்தை இறுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, மூன்றாவது தடவை கூப்பிடுவதற்கு அதிகாரி வாயைத் திறக்கமுன் சொன்னார்.

“இருக்கிறன்.”